பெயரில் ஒரு '&' வந்தால்: மிட்நைட் கமாண்டருடன் பத்து வருடம்

1994ல் மிகுவல் டி இகாசா ஆரம்பித்து வைத்த, நீலத் திரையில் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கும் அந்தப் பழைய ஃபைல் மேனேஜர் மிட்நைட் கமாண்டரைத்தான் பத்து வருடத்துக்கு மேலாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அதன் வேகத்தைப் பற்றிப் பேச வரவில்லை. ஃபைல் பெயரில் கண்ட குறியும் கிடந்தால் அது என்ன செய்கிறது என்பது மட்டும்தான் இங்கே.

என் ஃபோல்டர்களில் 'மாப்பிள்ளை & பெண்', 'பால் காய்ச்சு (சித்தப்பா வீடு)', '-கடைசி' என்று எல்லாம் உண்டு. லினக்ஸில் ஒரு பெயருக்குள் வரவே கூடாதவை சாய்கோடும் நல் பைட்டும் (மதிப்பு சுழியமான, கண்ணுக்குத் தெரியாத பைட்) மட்டும்தான், மற்றதெல்லாம் செல்லும். எஃப்5 அழுத்தி நகல் எடுப்பதிலும் எஃப்6 அழுத்தி நகர்த்துவதிலும் ஒரு நாளும் சிக்கல் வந்ததில்லை, ஏனென்றால் அங்கே பெயர் ஷெல்லுக்கு, அதாவது நாம் தட்டும் கட்டளையைப் படித்து இயக்கும் நிரலுக்கு, போவதே இல்லை. வம்பு எல்லாம் பெயரை இன்னொரு கட்டளையிடம் கொடுக்கும்போதுதான். ஒருமுறை, ஃபைல்களைத் தேடும் ஃபைண்டு கட்டளை தந்த பட்டியலை, பெயர்களை அடுத்த கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் வழியாக, ஃபைலை அழிக்கும் ஆர்எம்முக்கு அப்படியே தள்ளினேன். 'நகல் வீடு' என்ற ஃபைல் இடைவெளியில் இரண்டாக உடைந்து, பக்கத்தில் சிவனே என்று கிடந்த 'வீடு' என்ற ஃபைல் போய்ச் சேர்ந்தது. பட்டா விவரம் எல்லாம் அதில்தான் இருந்தது. தப்பு என்னுடையதுதான், பெயர்களை நல் பைட்டால் பிரிக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

மிட்நைட் கமாண்டரில் ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால் பெயர் கட்டளை வரிக்கு வந்துவிடும், இடைவெளி, '&', அடைப்புக்குறி எல்லாவற்றுக்கும் முன்னால், இதைப் பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொள் என்று ஷெல்லுக்குச் சொல்லும் பேக்ஸ்லாஷ் போட்டபடியே. எஃப்2 மெனுவில் நாமே எழுதி வைக்கும் கட்டளைகளிலும் இதே கவனம் உண்டு. இது தெரியாமல் நான் அதிபுத்திசாலித்தனமாக, ஃபைல் பெயர் வந்து உட்காரும் '%எஃப்' குறியைச் சுற்றி இரட்டை மேற்கோள் போட்டு வைத்திருந்தேன், அதற்குள் பேக்ஸ்லாஷும் எழுத்தாகவே நின்றுவிட, இடைவெளி உள்ள ஃபைல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. மேற்கோளை எடுத்தேன், சரியானது. நமக்கே மேற்கோள் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் '%0எஃப்' என்று எழுதலாம், அப்போது அது பெயரைத் தொடாது.

தமிழ்ப் பெயர்களின் கதை வேறு. எழுத்தைப் பைட்டாக எழுதி வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், லினக்ஸ் வட்டின் ஃபைல் அமைப்பான எக்ஸ்ட்4ல் ஒரு பெயருக்கு 255 பைட்தான், ஆக 85 குறிகளோடு முடிந்தது, அதிலும் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. விண்டோஸ் என்டிஎஃப்எஸ்ஸில் 255 குறி வரை போகலாம் என்பதால் அங்கிருந்து வரும் நீளப் பெயர்கள் இங்கே வாசலிலேயே நின்றுவிடும். எந்த ஃபைல் மேனேஜரும் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு நிஜமாகவே தலைவலி தந்தது 'தொகுப்பு' ஃபோல்டர்தான். ஒரே இடத்தில் இரண்டு 'தொகுப்பு'! ஒன்றில் 'ொ' ஒரே குறி, இன்னொன்றில் கொம்பும் காலும் தனித்தனி. யூனிகோடில் இரண்டும் சமம் என்றாலும் எக்ஸ்ட்4 பைட்டைத்தான் பார்க்கிறது, அதற்கு இவை வேறு வேறு பெயர். தேடினால் ஒன்றுதான் கிடைக்கும், மற்றது இல்லவே இல்லை என்று நினைத்துக்கொண்டு அரை நாள் ஓட்டினேன். கடைசியில் கான்வ்எம்வி என்ற சின்னக் கருவியால் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தேன் (நாமாகச் சொல்லாத வரை அது எதையும் மாற்றாது, என்ன செய்யப் போகிறது என்று காட்டிவிட்டு நிற்கும், அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கும்).

இதெல்லாம் ஓடும் கட்டளைச் சாளரமான டெர்மினலில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறி, நடுக்கோடு கோணிக்கொண்டு தெரிவது மட்டும் இன்னும் தீரவில்லை. அப்புறம் பென்டிரைவ். '10:30 கூட்டம்' என்ற பதிவு அதிலுள்ள எக்ஸ்ஃபேட் ஃபைல் அமைப்புக்குப் போகவே போகாது, முக்காற்புள்ளிக்கு அங்கே இடமில்லை. இப்போதெல்லாம் பதிவு செய்யும்போதே '10.30' என்று போட்டுவிடுகிறேன்.