எங்கள் வீட்டு ஆஸ்கார் கோபித்துக்கொண்டால்

2019 ஆகஸ்டில், சென்னையில் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குப் போய், கட்டைவிரல் நீளத்தில் ஒரு ஆஸ்கார் மீன் குஞ்சை வாங்கி வந்தோம். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடுகள் நெளியும். பார்க்கப் பரம சாது. விற்றவர் இரண்டடித் தொட்டியே காலத்துக்கும் போதும் என்றார். போதவில்லை. ஒரு வருடத்துக்குள் மீன் ஒரு சாணைத் தாண்டிவிட்டது. நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், இரண்டடி உயரத்தில் புதுத் தொட்டி செய்யக் கொடுத்தோம். சுமார் 340 லிட்டர் கொள்ளும். ஆறு வருடமாக அதில் அவன் மட்டும்தான். சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்து அம்மா வைத்த பெயர் பீமன்.

ஆஸ்கார் வளர்ப்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது கோபத்தைப் பற்றித்தான். எங்களுக்கு அது தெரியாது. புதுத் தொட்டியில் முதல் முறை தண்ணீர் மாற்றி முடித்துத் திரும்பினால், பீமன் மூலையில் பக்கவாட்டில் சரிந்து கிடக்கிறான். நிறம் கறுத்துவிட்டது, துடுப்பு அசையவில்லை. செத்தே போய்விட்டான் என்று அம்மா கண் கலங்கிவிட்டாள். வலையை உள்ளே விட்டதும் விருட்டென்று எழுந்து மறுமூலைக்குப் போய், அங்கே அதே மாதிரி சரிந்துகொண்டான். கண் மட்டும் எங்களைத் தொடர்ந்து உருண்டது. அன்று ராத்திரி சாப்பாடு போட்டால் ஒரு உருண்டையை வாயில் வாங்கி, எங்கள் பக்கம் பார்த்துத் துப்பினான்.

கோபம் என்று நாம் சொன்னாலும், உள்ளே நடப்பது பதற்றம்தான். தண்ணீரின் சூடு மாறுகிறது, நீர்மட்டம் இறங்கி ஏறுகிறது, வழக்கமான இடத்தில் இருந்த கல் வேறெங்கோ போகிறது. அதனால் சில வழக்கங்களை மாற்றினேன். ஒரே நாளில் பாதித் தொட்டியைக் காலி செய்வதை விட்டுவிட்டு வாரம் ஒரு முறை கால்வாசி மட்டும் மாற்றுகிறேன். குழாய்த் தண்ணீரின் குளோரினை மருந்து போட்டு முறித்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, சின்ன டியூபில் மெதுவாக விடுகிறேன். கற்களைத் தொடுவதில்லை. முன்பு ஒரு நாள் முழுக்க நீடித்த கோபம் இப்போது இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது.

கற்களை நான் தொடாவிட்டாலும் அவன் தொடுவான். கூழாங்கல்லை வாயில் கவ்விக் கொண்டுபோய் இடது மூலையில் கொட்டுவான். நான் சமன்படுத்திவிட்டுத் தூங்கப் போனால், காலையில் மேடு பழையபடி அங்கேயே இருக்கும். செடி வைத்துப் பார்த்தோம், இரண்டு நாளில் வேரோடு மிதந்தது. ஒட்டியிருந்த தெர்மாமீட்டரைப் பிடுங்கித் தொட்டி முழுக்க உருட்டி விளையாடினான். ஒரு டிசம்பரில் ஹீட்டரைக் குறிவைத்தான். அதைப் பார்த்து நான் சிரிக்கவில்லை: கண்ணாடி ஹீட்டர் உடைந்தால் தண்ணீரில் மின்சாரம் பாயலாம். பிளாஸ்டிக் கூடு உள்ள ஹீட்டராக வாங்கி மாட்டினேன். ஆஸ்கார் வாங்குகிறவர்கள் அந்தக் கூட்டுக்கும் கனமான மூடிக்கும் முதல் நாளே காசு ஒதுக்கிவிடுங்கள். இது துள்ளி வெளியே விழக்கூடிய மீன்.

சாப்பிடும்போது அவனைப் பார்க்க வேண்டும். தீனி உருண்டைகளை விழுங்கியதும் செவுள் வழியாகப் புகை மாதிரி தூள் பறக்கும். தொண்டைக்குள் இருக்கும் இன்னொரு ஜோடித் தாடையால் அரைக்கிறான்; அந்த மாவுதான் வெளியே வருகிறது. காலை ஏழு மணிக்கு அம்மா ஹாலுக்கு வந்தால் முன்கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டுவான். "டேய், ராத்திரிதானேடா சாப்பிட்ட" என்று அம்மா நகர்ந்தால் மேலே வந்து தண்ணீரை வாரி அடிப்பான். தரையெல்லாம் ஈரம். நானோ அப்பாவோ போனால் இந்த வரவேற்பு கிடையாது. மீன் ஆளை அடையாளம் காணுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2016-இல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள், தண்ணீரைப் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்தும் ஆர்ச்சர் மீனுக்கு ஒரு மனித முகத்தின் படத்தைப் பழக்கினார்கள். பிறகு 44 புது முகங்களைக் காட்டியபோதும், பழகிய முகத்தின் மேல்தான் பெரும்பாலும் அது சரியாகப் பீய்ச்சியது. பீமனுக்கு அம்மாவைத் தெரியும் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

படிக்கும் அறையில் இரண்டடித் தொட்டி ஒன்றும் இருக்கிறது. அதில் ஆறு கோரி மீன்கள். மீசை வைத்த குட்டிக் கெளுத்திகள், மணலை முகர்ந்துகொண்டே கூட்டமாகப் போகும். கோரி கண்ணடிக்கும், நிஜமாகவே. பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது. கோரி கண்விழியைச் சட்டென்று கீழே சுழற்றித் திருப்புகிறது, நமக்கு அது கண்ணடிப்பாகத் தெரிகிறது. அப்புறம், திடீரென்று ஒன்று அம்பு மாதிரி மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுத் தலைகீழாக இறங்கும். அந்தக் காற்றிலிருந்து குடல் வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஒரு ஐப்பசி மழை நாளில் ஆறும் சேர்ந்து கண்ணாடியில் ஏறி இறங்கி ஆட்டம் போட்டன. மறுநாள் காலையில் கண்ணாடி முழுக்கப் பிசின் துளி போல முட்டைகள்! மழைக் காலத்தில் முட்டையிடும் இனம் இது. வளர்ப்பவர்கள் குளிர்ந்த தண்ணீர் சேர்த்து முட்டையிடத் தூண்டுவதும் இதனால்தான்.

மேசை மேல் தனியாக ஒரு ஃபைட்டர் மீன். கண்ணாடியைக் காட்டினால் செவுளை விரித்துச் சண்டைக்கு வருவான். இரண்டு நிமிடத்துக்கு மேல் காட்டாதீர்கள், களைத்துவிடும். பெண் மீனே இல்லாத தொட்டியில் நுரைக் குமிழிகளால் கூடு கட்டிவைத்துக் காவல் காப்பான். ராத்திரி இலை மேல் படுத்துத் தூங்குவான்.

இத்தனை வேடிக்கைக்கும் நடுவில் ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்றாவது வருட மே மாதம், வீட்டுக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள். பீமன் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். "மாமா, முத்தம் குடுக்குறான் பாருங்க" என்று குழந்தைகள் குதித்தார்கள், ஆளுக்கு ஒரு வீடியோ. நானும் சாப்பாடு கேட்கிறான் என்றுதான் நினைத்தேன். அம்மா பக்கத்தில் போனாள். அவன் திரும்பவே இல்லை. அப்போதுதான் உறைத்தது: மதியத்திலிருந்து கரண்ட் இல்லை, ஃபில்டர் நின்று மூன்று மணி நேரம் ஆகிறது. 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். கோரியும் ஃபைட்டரும் காற்றை விழுங்கிச் சமாளித்துக்கொள்ளும், ஆஸ்காரால் முடியாது. வாளியில் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரத்தில் கீழே இறங்கினான். மறுநாளே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் வாங்கிவிட்டேன்.

பசியில் வந்தால் ஆளைப் பார்ப்பான், துடுப்பு விரிந்திருக்கும், ஆள் நகர்ந்தால் கூடவே நகர்வான். மூச்சுக்கு வந்தால் யாரையும் பார்க்க மாட்டான், செவுள் மூடி படபடக்கும், ஒரே இடத்தில் நிற்பான். கல்லில் உடம்பைத் தேய்த்து நெளிவதும் அப்படித்தான். நடனம் மாதிரி இருக்கும். ஒட்டுண்ணி அரிப்பாகவும் இருக்கலாம். எப்போதாவது ஒரு முறை தேய்த்தால் விட்டுவிடலாம். திரும்பத் திரும்பத் தேய்த்தால் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஆஸ்காரைச் சரியாக வைத்துக்கொண்டால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும், ஒரு அடி வளரும். நாலடித் தொட்டிக்கு வீட்டில் இடமும் வாராவாரம் ஒரு மணி நேரமும் இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம். அவர்களுக்குக் கோரியைச் சொல்வேன்: ஆறாக வாங்குங்கள், கூர்மையான கல் வேண்டாம், மணல் போடுங்கள். இரண்டுக்கும் இடம் இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரே தொட்டியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். வாயில் நுழைவது எதையும் ஆஸ்கார் விழுங்கிப் பார்க்கும், கோரியின் துடுப்பில் இருக்கும் முள் தொண்டையில் குத்திக்கொண்டால் இரண்டும் போய்விடும்.