மழை நாளில் லாக்கர் அடிக்க மாட்டேன் என்ற பட்டறை

எங்கள் வீட்டில் அம்மம்மாவின் முதிரை மரத்து மேசை ஒன்று உண்டு. யாரோ சுடச்சுடத் தேத்தண்ணிக் கோப்பையை வைத்ததில் நடுவில் வெள்ளை வட்டம், ஓரத்தில் பொலிஷ் செதில் செதிலாக உரிந்திருந்தது. போன மார்கழியில் மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன், பெயர் வேண்டாம், கொட்டுகிற மழையிலேயே லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சை அடித்து இரண்டாம் நாள் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். பாலில் துணி நனைத்துத் துடைத்த மாதிரி மேசை முழுக்க ஒரே மங்கல். கேட்டதற்கு, காய்ந்தால் போய்விடும் என்றார்கள். எங்கே போனது!

இந்த மாசியில் காத்தான்குடிப் பக்கம், ஒழுங்கைக்குள் போர்டு கூட இல்லாத ஒரு சின்னப் பட்டறைக்கு ஏற்றிக்கொண்டு போனேன். பட்டறைக்காரர், காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து மேசையின் அடியில் ஓரிடத்தில் வைத்துப் பார்த்தார், அசையவில்லை. பூச்சை இளக்குகிற தின்னர் வைத்தார், விரலில் பிசுபிசுத்தது. ஸ்பிரிட்டுக்கு இளகினால் அரக்குப் பொலிஷாம், தின்னருக்கு இளகினால் லாக்கராம். லாக்கர் என்றால் முழுக்கச் சுரண்டத் தேவையில்லை, மேலே அடிக்கிற பூச்சு பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும், ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. பொலியூரித்தேன் என்ற மற்ற வகைப் பூச்சு என்றால் இந்தக் கதை நடக்காது.

அன்றைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. "இண்டைக்கு அடிக்க ஏலா தம்பி, வெயில் வரட்டும், மறுகா பாப்பம்" என்றார். தின்னர் ஆவியாகும்போது பலகை குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பூச்சுக்குள் பிடித்துவைப்பதால்தான் அந்த வெள்ளை மங்கல் வருகிறதாம். நாலு நாள் அலைந்தேன், போன் அடித்தால் எடுக்கவும் மாட்டார், எரிச்சல்தான் வந்தது.

ஐந்தாம் நாள் நல்ல வெயில். மெதுவாகக் காயும் தின்னரை ஸ்பிரே கன்னில் ஊற்றிப் புகை மாதிரி மேசை மேல் விட்டார், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கல் விலகி முதிரையின் மஞ்சள் ரேகை எழும்பி வந்தது. ஓரத்துக்கு 240 நம்பர் சாண்ட்பேப்பர், சீலர் என்ற அடிப்பூச்சு, பிறகு இன்னும் மென்மையான 320 நம்பர் பேப்பர், அதன் மேல் மெல்லியதாக மூன்று பூச்சு.

குறை இல்லாமல் இல்லை. ஓரம் ஒரு நிறம் கூடிவிட்டது, சரித்துப் பார்த்தால் பழைய வட்டத்தில் ஒரு பிறை இன்னும் தெரிகிறது, பில்லும் தரவில்லை, தின்னர் மணம் போக ஒரு கிழமை எடுத்தது. அவசரக்காரர்களுக்கு இந்த இடம் சரிவராது. நான் சித்திரை வெயிலுக்கு அலுமாரியையும் கொண்டுபோகப் போகிறேன்.