டிராயிங் போர்டு, ஆட்டோகேட், ரெவிட்: எதில் தொடங்குவது?

கட்டட வரைகலையும் வடிவமைப்பும் படிக்கச் சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது இதுதான்: "வேலைக்குப் போனால் எல்லாம் கம்ப்யூட்டர்தானே, அப்புறம் எதற்கு டி-ஸ்கொயரும் பென்சிலும்?" நியாயமான கேள்வி. கல்லூரிகளே இதில் ஒத்துப்போவதில்லை. சில, முதல் பருவம் முழுக்கக் கையால் வரைய வைக்கின்றன. சில நேராக, கணினியில் கோடு கோடாக வரையும் ஆட்டோகேட் முன் உட்கார வைக்கின்றன. கட்டடத்தையே முப்பரிமாண மாடலாக உருவாக்கும் ரெவிட்டிலேயே பாடத்தை ஆரம்பிக்கிற இடங்களும் உண்டு. மூன்றையும் ஒப்பிட ஒரே பயிற்சியை எடுத்துக்கொள்வோம்: ஒரு நேர் மாடிப்படியைச் செங்குத்தாக வெட்டிப் பார்ப்பதுபோல் காட்டும் செக்‌ஷன்.

தளத்துக்குத் தளம் உயரம் 3000 மி.மீ. 18 ரைஸர் (ஒரு படியின் செங்குத்து உயரம்) வைத்தால் ஒவ்வொன்றும் 167 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ட்ரெட் (கால் வைக்கும் அகலம்) 280 மி.மீ. இரண்டு ரைஸரையும் ஒரு ட்ரெட்டையும் கூட்டினால் 613 வருகிறது. இப்படிக் கூட்டிப் பார்க்கும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா ப்ளோந்தெல் சொன்ன சூத்திரத்திலிருந்து வந்தது. கூட்டுத்தொகை 600க்கும் 640க்கும் நடுவில் இருந்தால் ஏறுகிறவர் கால் தடுமாறாது.

முதலில் போர்டு. 1:20 அளவில், அதாவது நிஜத்தில் இருபதில் ஒரு பங்காக வரைந்தால், 3000 மி.மீ. என்பது தாளில் 150 மி.மீ. அதை 18 பங்காக்கினால் 8.33 மி.மீ. வரும், ஸ்கேலில் அப்படி ஒரு கோடே கிடையாது. பழைய வழி ஒன்று இருக்கிறது. கீழ்த்தளக் கோட்டில் 0, மேல்தளக் கோட்டில் 180 மி.மீ. விழும்படி ஸ்கேலைச் சாய்த்து வைத்து, 10 மி.மீ.க்கு ஒரு புள்ளி குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் டி-ஸ்கொயரால் கிடைக்கோடு இழுக்க வேண்டும். 18 பங்கும் சமமாக விழுந்துவிடும். படியை வரைந்துகொண்டே மேலே போகிறவர் கண்ணில் மேல்தள ஸ்லாப் தானாகப் படும். ஏறுகிறவர் தலைக்கு மேல் 2 மீட்டராவது இருக்கிறதா, ஸ்லாபை எங்கே நிறுத்துவது என்ற கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் பென்சில் நகராது. தாளின் அளவு, 1:20 போன்ற அளவு விகிதம், எதை வரையாமல் விடுவது எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். நான் போர்டை இன்னும் விட்டுக்கொடுக்காததற்கு இதுதான் காரணம்.

அதன் விலையும் சிறியதல்ல. ட்ரேசிங் பேப்பரில் பிளேடால் சுரண்டித் திருத்துவது சாயங்காலத்தையே விழுங்கிவிடும். ஒரு வருடம் முழுக்க இதில் செலவழிப்பது வீண் என்றே சொல்வேன்.

ஆட்டோகேட் 1982 டிசம்பரில் வந்தது. இதில் அதே படி சில நிமிட வேலை. 3000ஐ 18ஆகப் பிரிக்க ஒரே கட்டளை போதும், துல்லியத்தில் குறையே இருக்காது. ஆனால் எல்லாவற்றையும் நிஜ அளவில் வரைவதால், அளவு விகிதம் பற்றிய யோசனை பிரிண்ட் எடுக்கும்வரை தள்ளிப்போகிறது. ஜூம் செய்து கைப்பிடியின் திருகுவரை வரைந்துவிட்டு 1:100இல் பிரிண்ட் எடுத்தால் அந்த இடம் கறுப்புத் திட்டாக வரும். கோட்டின் தடிமனும் இப்படித்தான். 0.25, 0.35, 0.5, 0.7 மி.மீ. என்ற வரிசையில் ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் சுமார் 1.4 மடங்கு. ஏ வரிசைத் தாள்களின் நீள அகலங்களும் அதே விகிதத்தில் வளர்கின்றன. அதனால் ஏ1 தாளை ஏ2வாகச் சுருக்கினால் 0.5 கோடு சரியாக 0.35 ஆகிறது. பேனாவைக் கையில் பிடித்தவருக்கு வெட்டுக்கோடு தடிமனாகவும் பின்னால் தெரிவது மெல்லியதாகவும் இருக்க வேண்டும் என்பது பழகிவிடும். திரையில் அது லேயர் (கோடுகளை வகைபிரித்து வைக்கும் அடுக்கு) பட்டியலில் ஓர் எண், அவ்வளவுதான். அப்புறம், பிளானில் ஜன்னலை நகர்த்தினால் எலிவேஷனில் (வெளித்தோற்ற வரைபடத்தில்) அது பழைய இடத்திலேயே நிற்கும். ஒவ்வொன்றையும் தேடித் திருத்த வேண்டும்.

ரெவிட் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. 2000இல் வெளிவந்த இதை 2002இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. ஜன்னலை ஓரிடத்தில் நகர்த்தினால் பிளான், செக்‌ஷன், எலிவேஷன், ஜன்னல் அட்டவணை எல்லாம் சேர்ந்தே மாறும். வேலை கிடைப்பதற்கு மூன்றில் இதுவே அதிகம் உதவும். மாடிப்படி? இரண்டு கிளிக்கில் ரைஸர், ட்ரெட், கைப்பிடியோடு வந்து நிற்கும். ஆனால் மேல்தள ஸ்லாபில் திறப்பு தானாக விழாது. நாம்தான் வெட்ட வேண்டும். கையால் ஒரு செக்‌ஷன்கூட வரையாத மாணவரின் மாடலில் அழகான படி ஒன்று ஸ்லாபில் முட்டிக்கொண்டு நிற்கும். சுவரும் அப்படியே. பொருள் எதுவும் குறிப்பிடாத 200 மி.மீ. பொதுச் சுவரை இழுத்துவிட்டால் பிளான் முடிந்ததுபோல் தெரியும். அது செங்கல்லா கான்கிரீட்டா, ஈரத்தை எது தடுக்கிறது என்பதை அதுவரை யாருமே யோசித்திருக்க மாட்டார்கள். யோசனை முடியும் முன்பே வரைபடம் முடிந்துவிடுவதுதான் ரெவிட் மேல் எனக்குள்ள பெரிய குறை.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை: ஆட்டோடெஸ்க் தகுதியுள்ள மாணவர்களுக்கு இரண்டு மென்பொருளையும் இலவசமாகவே தருகிறது. ரெவிட் விண்டோஸில்தான் ஓடும். மேக் வைத்திருப்பவர்கள் ரெவிட் போன்ற இன்னொரு மென்பொருளான ஆர்க்கிகேட் பக்கம் போகலாம்.

என் தேர்வு: ஒரு பருவம் போர்டு, அதற்கு மேல் வேண்டாம். அடுத்து ஆட்டோகேட் கொஞ்ச காலம், மற்றவர்கள் அனுப்பும் கோப்புகளைத் திறந்து திருத்தும் அளவுக்கு. மீதிக் காலம் முழுக்க ரெவிட். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது சாஃப்ட்வேர் பட்டியலைப் பார்க்காதீர்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் வரைந்த சுவர் செக்‌ஷன் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். கூரையில் விழும் மழைநீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்று அந்தத் தாளில் விரல் வைத்துத் தொடர முடிந்தால் அங்கே சேரலாம். நேராக ரெவிட்டில் தொடங்கும் கல்லூரியில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்களா? சரி, முதல் பயிற்சிக்கு முன் ஒரே ஒரு சுவரை, அஸ்திவாரம் முதல் கூரை விளிம்புவரை, 1:20இல் பென்சிலால் வரைந்து ஒவ்வொரு அடுக்கின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு மாடலில் சுவர் வகையை அந்தத் தாளைப் பார்த்து உருவாக்குங்கள்.