வாக்கியம் திருத்தித் தர்ற ஏஐ: ரெண்டு வருஷம் யூஸ் பண்ணின அனுபவம்

பெங்களூருல ஒரு கம்பெனியோட தமிழ் கஸ்டமர் சப்போர்ட்ல இருக்கேன். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் இருந்து வர்ற கம்ப்ளைன்டுக்கு தமிழ்ல பதில் போடணும், அதே கேஸை மேல இருக்கறவங்களுக்கு இங்கிலீஷ்லயும் எழுதணும். இதுக்காக வாக்கியத்தை திருத்தித் தர்ற ஒரு ஏஐ டூலை ரெண்டு வருஷமா தினமும் யூஸ் பண்றேன், சொந்தக் காசுலதான்.

இங்கிலீஷுக்கு நிஜமாவே நல்லா இருக்கு. 'ஐ ஹேவ் எ டவுட்'னு எழுதிட்டே இருந்தேன், நமக்கு அது சந்தேகம் கேக்கறது, ஆனா லண்டன்ல இருந்து படிக்கிறவருக்கு அவர் சொன்னதை நான் நம்பலங்கற மாதிரி தொனிக்கும், டூல் அதை 'கொஸ்டின்'னு மாத்துச்சு. 'ரிவர்ட்'டும் அப்படித்தான், நாம பதில் போடுங்கன்னு சொல்றோம், அவங்களுக்கு அது பழைய நிலைக்கே திரும்பறது.

தமிழ்லதான் ஜாக்கிரதையா இருக்கணும். ல, ள, ழ எல்லாம் ஓரளவு பிடிச்சுடுது, பிரச்சினை அர்த்தத்துல. போன வருஷம் ஒரு கேஸ் நோட்ல 'நேற்று பணம் கட்டிய வாடிக்கையாளரின் மகள் ரீஃபண்ட் கேட்கிறார்'னு எழுதினேன். வாடிக்கையாளர் அம்மா, ஆனா பணம் கட்டினது மகள், தன்னோட அக்கவுண்ட்ல இருந்து. படிக்கும்போது எங்கயோ இடிக்குதேன்னு டூல்ல போட்டா, 'வாடிக்கையாளர் நேற்று பணம் கட்டினார். அவரது மகள் ரீஃபண்ட் கேட்கிறார்'னு ரெண்டா உடைச்சுக் குடுத்துச்சு. இலக்கணத்துல ஒரு குறை சொல்ல முடியாது. அப்படியே அனுப்பிட்டேன், பணம் அம்மா அக்கவுண்டுக்குப் போயிடுச்சு, அந்தப் பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு வெச்சிருந்த பணம் அது, சரி பண்ணி முடிக்க 11 நாள் ஆச்சு. இன்னும் மனசுல உறுத்துது.

'கட்டிய'ங்கற பெயரெச்சம் பக்கத்துல இருக்கற வாடிக்கையாளரோடயும் சேரும், தள்ளி இருக்கற மகளோடயும் சேரும். ரெண்டுல எதுன்னு எனக்குத்தான் தெரியும், டூலுக்கு எப்படித் தெரியும்? அதுவும் உங்களை ஒரு வார்த்தை கேக்காம ஒண்ணை எடுத்துக்கும். பக்கத்து சீட் கன்னடப் பொண்ணுகிட்ட சொன்னேன், 'எங்க பாஷையிலயும் இதே கதைதான், நின்னெ பந்த ஹுடுகன தந்தென்னா நேத்து வந்தது பையனா அப்பாவா'ன்னாங்க.

அதுல இருந்து டூலைத் திறக்கறதுக்கு முன்னாடி, அக்காகிட்ட போன்ல சொல்ற மாதிரி வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பாக்கறேன். 'நேத்து பணம் கட்டினது பொண்ணு, கனெக்‌ஷன் அம்மா பேர்ல இருக்கு, ரீஃபண்ட் பொண்ணுக்குப் போகணும்.' அவ்ளோதான், அதையே எழுதிட்டு ஸ்பெல்லிங் மட்டும் பாரு, வாக்கியத்தை மாத்தாதன்னு டூல்கிட்ட சொல்லிடுவேன்.

இன்னொண்ணு, இந்த டூலுக்கு 'செய்யப்பட்டு', 'பார்க்கப்பட்டு' மாதிரி 'பட்டு' போட்டு எழுதறது ரொம்பப் பிடிக்கும். 'தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு வருகிறது'ன்னு அது குடுத்ததை அனுப்பினேன், கிருஷ்ணகிரி பெரியவர் ஒருத்தர் போன் பண்ணி 'யாரு தம்பி பரிசீலிக்கிறது?'ன்னு கேட்டார். நியாயமான கேள்வி, அந்த வாக்கியத்துல ஆளே இல்லையே. இப்பல்லாம் 'உங்க கம்ப்ளைன்டை பில்லிங் டீம் பாத்துட்டு இருக்காங்க, வியாழக்கிழமைக்குள்ள சொல்றோம்'னுதான் அனுப்பறேன், அதுக்கப்புறம் அதே கேள்வியோட திரும்பக் கூப்பிடறவங்க குறைஞ்சுட்டாங்க.

இங்கிலீஷ் மெயில் நிறைய எழுதறவங்க காசு குடுத்தே வாங்கலாம், நானும் அதுக்காகத்தான் அடுத்த மாசம் ரினீவ் பண்றேன். தமிழுக்கு மட்டும்னா ஃப்ரீ வெர்ஷனே போதும்.