காற்றுக்கு விழாத நட்சத்திரம்: ரப்லெற்றோடு மூன்று வருட வாசிப்பு வகுப்பு

ஒன்பதாம் இலக்க ரப்லெற் (tablet) நேற்றுத்தான் கிளிநொச்சியிலிருந்து திரும்பி வந்தது. திருத்தக் கொடுத்து ஆறு கிழமை. சார்ஜ் ஏற்றும் வாய் உடைந்து உள்ளே போயிருந்தது. புது வாய் வைத்து, உள்ளே படிந்திருந்த செம்மண் தூசியையும் தட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அன்று பின்னேரமே கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் என்னோடு படித்த சிநேகிதியிடமிருந்து செய்தி வந்தது. அவள் இப்போது மல்லாவிப் பக்கம் படிப்பிக்கிறாள். "எங்களுக்கும் பத்து ரப் தரப்போகினமாம். வாசிக்கத் தெரியாத பிள்ளையளுக்கு உது உதவுமோ? உள்ளதைச் சொல்லு."

உள்ளதைச் சொல்வதென்றால் ஒரு வரிப் பதிலில் முடியாது.

எங்கள் பள்ளிக்கூடம் மாங்குளம் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு கிரவல் ரோட்டில் இருக்கிறது. 2023 பங்குனியில் வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் பன்னிரண்டு ரப்லெற் வாங்கித் தந்தார்கள். எட்டு அங்குலத் திரை, சாதாரண ரகம். தரம் 6 முதல் 8 வரை படிக்கிற, இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு என்று நான்தான் கேட்டு எடுத்தேன்.

இடைநிலை வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளை எப்படி வந்தது என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடியபோது இந்தப் பிள்ளைகள் ஆரம்ப வகுப்புகளில் இருந்தார்கள். எழுத்து கையில் படிகிற வயது அது. வகுப்பு போனுக்குள் போனது. இங்கே பல வீடுகளில் போனும் இல்லை, சிக்னலும் இல்லை. பிறகு திறந்தார்கள், மூடினார்கள். 2022இல் எரிபொருள் இல்லாமல் திரும்பவும் மூடினார்கள். வகுப்பேற்றம் மட்டும் நிற்கவில்லை. தரம் 6க்கு வந்து என் முன்னால் இருந்த பிள்ளையின் கையில் செய்யுளும் இலக்கணமும் உள்ள புத்தகம். அந்தப் பிள்ளைக்கு 'ண'வும் 'ன'வும் ஒன்றாகத் தெரிந்தது. எனக்கோ, எழுத்து படிப்பிக்கிற பயிற்சி கிடையாது. அது ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு உரியது.

இன்னொன்று வெட்கம். பன்னிரண்டு வயதுப் பையன் 'அம்மா, ஆடு, இலை' என்று படம் போட்ட புத்தகத்தை எல்லோர் முன்னாலும் விரிக்க மாட்டான். விரித்தால் பின் வாங்கில் சிரிப்பார்கள். ரப்லெற் வந்த முதல் கிழமையே அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஒருவன் திரையில் என்ன வாசிக்கிறான் என்று அடுத்தவனுக்குத் தெரியாது. எல்லோர் கையிலும் ஒரே கறுப்புப் பலகை. அதற்காக மட்டுமே அதைத் தந்தவர்களுக்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

எழுத்து விளையாட்டுச் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாதிக்கு மேல் ஆங்கில எழுத்துக்குச் செய்ததைத் தமிழுக்கு மாற்றிப் போட்டவை. ஒரு எழுத்து, ஒரு ஒலி, ஒரு படம் என்று போகும். 'கடல்', 'பகல்', 'தங்கம்' மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் ஒரே 'க', ஆனால் மூன்று ஒலி. எழுத்தைத் தனியாகப் பிடித்து ஒலி ஏற்றினால் பிள்ளை 'தங்கம்' என்ற சொல்லில் முட்டுப்பட்டு நிற்கும். சொல்லாகக் கோத்துக் காட்டுகிற செயலிதான் தமிழுக்குச் சரி. விரலால் எழுதிப் பழகும் செயலி ஒன்றும் வைத்திருந்தேன். ஏடு தொடக்கும்போது அரிசியில் எழுதிய கைதானே, பிள்ளைகள் ஆசையாக எழுதினார்கள். ஆனால் கண்ணாடியில் உள்ளங்கை அளவு 'ஞ' எழுதியவளுக்குப் பேனை பிடித்து ஒற்றைக்கோட்டுக் கொப்பியில் அதை அடக்க முடியவில்லை. ஒரு தவணை முடிந்ததும் அதை நிறுத்திவிட்டுக் கொப்பிக்கே திரும்பினோம்.

தட்டச்சு வேறு கதை. தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்தேன். 216 உயிர்மெய்யும் பன்னிரண்டு உயிரிலும் பதினெட்டு மெய்யிலும் இருந்து வருகின்றன என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! அங்கே 'க'வைத் தட்டி, பிறகு 'ஓ'வைத் தட்டியதும் 'கோ' வந்து நின்றபோது ஒரு பிள்ளை "ஓ, உதுதானே உயிர்மெய்" என்றாள். அவள் தரம் 8. அன்றைக்குத்தான் அது அவளுக்குப் புரிந்தது. ஒன்றை மட்டும் மறக்காமல் செய்யுங்கள்: விசைப்பலகைக்கு மேலே அரைச் சொல்லுக்கே முழுச் சொல்லைக் காட்டும் பட்டையை நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் எழுதுவது பிள்ளை இல்லை, ரப்லெற்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விசயம்.

வாசிப்புச் செயலி ஒன்று. பெயர் வேண்டாம். இலவசம், ஒருதரம் இறக்கிவிட்டால் இன்ரர்நெற் இல்லாமல் ஓடும். பிள்ளை கதையை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அது கேட்டுக்கொண்டிருக்கும். சொல் சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு, தடுமாறினால் அந்தச் சொல்லைத் தானே சொல்லிக் கொடுக்கும், பந்தி முடிந்தால் நட்சத்திரம். பதினெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடப் பாடத்தில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் நான் காது கொடுத்தாலே பெரிய காரியம். அது இருபது நிமிடம் கேட்கும். கோபப்படாது, களைக்காது. முதல் வருடம் அந்தப் பதினெட்டுப் பேரில் பதின்மூன்று பேர் ஆவணி விடுமுறைக்கு முன்னமே ஒரு பந்தியைத் தட்டித் தடவியாவது முடித்தார்கள். நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். என்னால் தனியே அவ்வளவு கெதியாகச் செய்திருக்க முடியாது.

ஆனால் அதற்கு எங்கள் 'ற்ற' கேட்காது.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் 'காற்று' என்று சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லின் வேரடியில் ஒட்டி, ஒரு வெடிப்போடு விடுபடும். 'ரீச்சர்' என்று நாங்கள் எழுதுகிற சொல்லை வாயால் சொல்லும்போது முதலில் வருகிற அதே ஒலி. அதனால்தான் நாங்கள் 'பற்றரி', 'ரிக்கற்' என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டில் வாசிப்பவர்கள் 'காற்-ரு' என்று கடைசியில் நாக்கை ஒருதரம் உருட்டிவிடுவார்கள். அது அவர்கள் வழக்கம், அதில் பிழை இல்லை. ஆனால் செயலிக்கு அந்த ஒன்றுதான் தெரியும். 'காற்று', 'வெற்றி', 'நாற்று', 'வற்றியது', எல்லாம் சிவப்பு. 'கன்று', 'ஒன்று' என்பவை சில வேளை பச்சை, சில வேளை சிவப்பு.

இந்த ஊரில் நாற்று என்ற சொல் இல்லாமல் ஒரு பிள்ளை எதை வாசிப்பது?

தரம் 7 பையன் ஒருவன். தகப்பன் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறார். நன்றாக முன்னேறிக்கொண்டிருந்தான். ஒருநாள் 'ஆற்றங்கரையில் காற்று வீசியது' என்று வந்தது. வாசித்தான். இரண்டு சொல் சிவப்பு. திரும்ப வாசித்தான். சிவப்பு. என்னைப் பார்த்து, "ரீச்சர், நான் சரியாத்தானே வாசிச்சனான்? இது ஏன் சிவப்பாவே நிக்குது?" என்று கேட்டான். "நீ வாசிச்சது சரியடா, அதுக்குக் கேக்கேல்லை, விட்டுட்டு அடுத்ததை வாசி" என்றேன். அவன் விடவில்லை. ஆறாவது முறையோ ஏழாவது முறையோ, நாக்கை உருட்டி 'காற்-ரு' என்றான். பச்சை. நட்சத்திரம் விழுந்தது. அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த கிழமை புத்தகத்தைப் பார்த்து உரத்து வாசிக்கச் சொன்னபோது 'காற்-ரு' என்றே வாசித்தான். வாசித்துவிட்டு, சரியா என்று என் முகத்தைப் பார்த்தான். க, ச, ட, த, ப, ற என்று வல்லினத்தில் வைத்துப் படிப்பிக்கிறோம். அவன் தாயும் தாயின் தாயும் அந்த 'ற'வை வல்லினமாகவே சொல்லி வந்தவர்கள். பதின்மூன்று வயதில், வாசிப்பு வரத் தொடங்கிய அதே மாதத்தில், உன் வாய் பிழை என்று அவனுக்கு ஒரு கண்ணாடித் துண்டு சொல்லிக் கொடுத்திருக்கிறது. அதைச் செய்தவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். இத்தனை பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக் கொடுத்ததை இலவசமாகத் தந்தவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் இலங்கை வழக்கு என்று ஒரு தெரிவைச் சேர்க்க இவ்வளவு காலமா? மூன்று வருடமாகப் புதுப்பிப்பு வருகிறது, படம் மாறுகிறது, 'ற்ற' மாறவில்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில், நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ரப்லெற்றோடு வந்த சாதாரண ஒலிப்பதிவுச் செயலி. சிவப்புப் பொத்தான், நிறுத்தும் பொத்தான், வேறெதுவும் இல்லை. சிவப்பு விழுகிற சொற்களை எனக்குப் பதிவு செய்து காட்டுங்கள் என்று ஒருநாள் சொன்னேன். அவர்கள் வகுப்புக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்த் தனியே வாசித்துப் பதிந்தார்கள். பதிந்ததைக் கேட்டார்கள். கேட்டுவிட்டு அழித்தார்கள். திரும்பப் பதிந்தார்கள். ஒரு பிள்ளை ஒரே பந்தியைப் பதினொரு தரம் பதிந்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. எங்கே தடக்கினோம் என்று அவளுக்கே கேட்டது.

அடுத்தது எழுத்து. வீட்டில் அம்மம்மாவையோ அப்பப்பாவையோ பேச வைத்துப் பதிந்து வரச் சொன்னேன். காலபோக விதைப்பு, சூடு மிதித்தது (கதிரிலிருந்து நெல்லைப் பிரித்தது), பரணில் இருந்து பன்றிக்குக் காவல் இருந்தது என்று ஐந்தாறு நிமிடப் பேச்சு. அதை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுத வேண்டும். சொல்வதெழுதலுக்கு நான் நின்றால் வேகம் என்னுடையது. இங்கே வேகம் பிள்ளையுடையது. ஒரு வசனத்துக்குப் பத்துத் தரம் நிறுத்தலாம். எந்த வாசிப்புப் புத்தகத்திலும் இல்லாத சொற்களை, எழுத்துப் பிழையோடுதான், கொப்பியில் எழுதி வந்தார்கள். 'அருவி வெட்டு' (நெல் அறுவடை) என்பதற்கு எந்த 'ரு' என்று இரண்டு பேர் அடிபட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்கள். எழுத்துக்காகச் சண்டை பிடிக்கிற பிள்ளைகளை நான் அதற்கு முன் இந்த வகுப்பில் கண்டதில்லை.

அந்தத் தரம் 7 பையனின் தாய் ஒருநாள் வந்தார். 2008இல் இடம்பெயர்ந்தபோது தரம் 8ஓடு படிப்பு நின்றவர். பதிவைப் போட்டுக் காட்டினேன். ரப்லெற்றைக் காதோடு வைத்துக் கேட்டார். "இது என்ர பிள்ளைதானோ?" என்றார். பிறகு கதிரையில் இருந்து, கொப்பியில் அவன் எழுதியிருந்ததை விரல் வைத்து மெதுவாக வாசிக்கத் தொடங்கினார். மணி அடித்த பிறகும் எழும்பவில்லை.

சிநேகிதிக்கு வேண்டிய மற்ற விசயங்களையும் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது மைக்ரோ யூஎஸ்பி வாய். ஒரு பக்கமாகத்தான் ஏறும். பிள்ளைகள் மறுபக்கமாகத் தள்ளித் தள்ளியே பன்னிரண்டில் ஐந்து உடைந்தது. தருபவர்களிடம் ரைப்-சி வாய் உள்ளதைக் கேள். மேசையில் தட்டையாக வைத்து வெயிலில் விடாதே, பற்றரி ஊதும். ஒன்று அப்படி ஊதி, திரை விலகிப் போனது. விளம்பரம் வரும் செயலியை, இன்ரர்நெற்றைத் துண்டிக்கும் 'விமான நிலை'யில் (flight mode) போட்டுப் பாவிக்க வேண்டும். இல்லாவிட்டால் கதைக்கு நடுவில் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கும். அலுமாரித் திறப்பு உன்னிடமே இருக்கட்டும். திருத்தச் செலவுக்கு முன்கூட்டியே ஒரு தொகை ஒதுக்கி வைக்கச் சொல். எங்களுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. மூன்று தரம் நான் என் பஸ் காசில் கிளிநொச்சி போய் வந்தேன்.

நேற்று ஒன்பதாம் இலக்கத்தைச் சார்ஜில் போட்டுத் திறந்தேன். கடையில் உள்ளதை அழித்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அழிக்கவில்லை. பழைய பதிவுகள் கிடந்தன. 2023 வைகாசியில் அந்தப் பையன் வாசித்தது ஒன்று இருந்தது. எழுத்தெழுத்தாகக் கூட்டி, மூச்சு வாங்கி, 'கா... காற்று' என்கிறான். அச்சொட்டாக அவன் தகப்பனின் 'ற்ற'. இப்போது அவன் தரம் 9. தடக்காமல் வாசிக்கிறான். அந்தச் சொல்லை அப்படி வாசிப்பதில்லை.

அதனால் உனக்கு என் பதில்: ரப்லெற்றை வாங்கு. அந்த வாசிப்புச் செயலியைப் போடாதே. அது இல்லாவிட்டால் என் பதின்மூன்று பேரும் அவ்வளவு கெதியாக வாசித்திருக்க மாட்டார்கள் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். தெரியும். இருந்தும் நேற்றிரவு பன்னிரண்டில் வேலை செய்கிற பத்திலும் இருந்து அதை எடுத்துவிட்டேன். நாளைக்குக் காலையில் முதல் பாடம் தரம் 6. பத்துப் பிள்ளைகள் வேப்பமரத்தடிக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு நான் காது கொடுப்பேன்.