மலையகத்து நீச்சல் தடாகத்திற்குக் குளிர்காலப் பொதி: பனிக்கட்டிக்கெனச் செய்தது மழைக்கு உதவுமா?

வட அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில், வீட்டு நீச்சல் தடாகத்தை ஆள் வைக்காமல் உரிமையாளரே குளிர்காலத்திற்கு மூடிவைப்பதற்காக விற்கப்படும் பொதி ஒன்றை இணையவழியில் வரவழைத்து, நானுஓயாப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுத் தடாகத்தில் பயன்படுத்தினோம். தடாகம் டைல் பதித்தது. 8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் கொண்டது. சுமார் 40,000 லீற்றர் நீர் பிடிக்கும். ஏப்ரல் வசந்த காலத்திலும் ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையிலும் பிள்ளைகள் வந்தால்தான் அதில் இறங்குவார்கள். மற்ற மாதங்களில் அது மழைக்கும் மூடுபனிக்கும் திறந்து கிடக்கும் ஒரு செலவு. எனவே மூடிவைக்கும் எண்ணம் சரியானதே. ஆனால் இந்தப் பொதியின் பெரும்பகுதி, நம் மலைகளில் இல்லாத ஓர் எதிரிக்காகத் தயாரிக்கப்பட்டிருக்கிறது.

அந்த எதிரி பனிக்கட்டி. நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுவதால், குழாய்களும் பம்பியின் உடலும் வெடிக்கின்றன. அதைத் தடுக்கவே குழாய் வாய்களுக்கான இறப்பர் அடைப்பான்களும், குழாய்களுக்குள் ஊற்றும் உறைதடுப்புத் திரவமும், விரிப்பின் கீழ் மிதக்கவிடும் காற்றுத் தலையணையும் பொதியில் வைக்கப்பட்டுள்ளன. தலையணையின் வேலை, நீரின் மேற்பரப்பில் உருவாகும் பனிப் பாளம் சுவர்களை நெருக்காமல் அந்த அழுத்தத்தைத் தான் வாங்கிக்கொள்வது. சுமார் 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் துகள் உறைபனி விழுந்து புல்லும் உருளைக்கிழங்குச் செடியும் கருகுவது உண்மைதான். என்றாலும் வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும்; மண்ணுக்குள் புதைந்த குழாயையோ நாற்பது தொன் நீரையோ அது உறையவைக்காது. உறைதடுப்புத் திரவத்தை நாங்கள் திறக்கவே இல்லை. அது சேதனப் பொருள் என்பதால், தடாகத்தில் கலந்தால் குளோரீனைத் தின்பதைத் தவிர வேறு பயன் தராது. அதற்குப் பதிலாக வாகனங்களுக்கு ஊற்றும் உறைதடுப்பானைப் பயன்படுத்தலாமா என்று யாரேனும் கேட்டால், கூடவே கூடாது என்பதே பதில். அதில் பெரும்பாலும் இருக்கும் எதிலீன் கிளைக்கோல் நஞ்சு.

கைந்நூலில் ஒரு விதி இருக்கிறது: நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 15 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கி நிலைத்த பிறகே தடாகத்தை மூட வேண்டும், ஏனெனில் அதற்கு மேல் பாசி விரைவாக வளரும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவில் இருப்பதால், இந்த விதியின்படி ஆண்டு முழுவதும் மூடுவதா திறப்பதா என்ற இழுபறியிலேயே நாம் இருக்க வேண்டியதுதான்.

உண்மையில் இங்கு தடாகத்தைக் கெடுப்பவை மழையும், மென்னீரும், இலையும். இவற்றில் அதிகம் கவனிக்கப்படாதது மென்னீர். நம் மலைகளின் ஊற்று நீரும் ஓடை நீரும் சுண்ணாம்புக் கல்லின் வழியே வராதவை என்பதால், அவற்றில் கல்சியம் மிகக் குறைவு. அதன்மேல், அமிலத்தைச் சமன்செய்யும் காரத்தன்மையே இல்லாத மழைநீர் மாதக்கணக்கில் சேர்கிறது. போதாக்குறைக்கு, நீர் குளிரக் குளிர அதில் கல்சியம் காபனேற்றுக் கரையும் அளவு கூடுகிறது. பசித்த அந்த நீர் தனக்கு வேண்டிய கல்சியத்தை டைல் இடுக்குகளில் உள்ள சீமெந்திலிருந்து எடுத்துக்கொள்ளும். மூடிவைத்த தடாகத்தைத் திறக்கும்போது டைல்கள் கழன்று நிற்பதற்கு மேசனின் வேலையைக் குறை சொல்வது வழக்கம். பல இடங்களில் குற்றவாளி நீர்தான். பொதியிலோ கல்சியம் ஒரு கிராம்கூட இல்லை. மாறாக, கல்சியப் படிவைத் தடுக்கும் திரவம் ஒரு போத்தல் இருக்கிறது! வன்னீர் வரும் ஊர்களுக்கு அது தேவை. இங்கு, கிணற்று நீரில் இரும்பு கலந்து செங்கறை படியும் வீடுகளுக்கு மட்டும் அது ஓரளவு உதவும்.

ஆகவே பொதிக்கு வெளியே வாங்க வேண்டியவை இரண்டு. காரத்தன்மை ஒரு லீற்றருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரையிலும், கல்சிய வன்மை, அதாவது நீரில் கரைந்துள்ள கல்சியத்தின் அளவு, குறைந்தது 200 மில்லிகிராமும் இருப்பது நல்லது. 10,000 லீற்றர் நீரின் காரத்தன்மையை 10 மில்லிகிராம் உயர்த்த, சுமார் 170 கிராம் அப்பச்சோடா போதும். எங்கள் அளவுள்ள தடாகத்தில் கல்சிய வன்மையை 50இலிருந்து 200க்குக் கொண்டுவர, கடைகளில் செதில்களாகக் கிடைக்கும் கல்சியம் குளோரைட்டு ஏறத்தாழ 9 கிலோகிராம் தேவைப்படும். அது கரையும்போது வாளி சுடும் அளவுக்கு வெப்பம் வெளிவரும் என்பதால், வாளியில் முதலில் நீரை எடுத்து அதில் சிறிது சிறிதாகக் கொட்டிக் கரைக்க வேண்டும். இரண்டையும் ஒரே வேளையில் ஊற்றினால் நீர் வெண்மையாகக் கலங்கும். ஒன்றைக் கலந்து, பம்பியை ஓடவிட்டு, மறுநாள் மற்றதைக் கலப்பது முறை.

பொதியில் உருப்படியாக இருந்தவை பாசிநாசினியும் விரிப்பும். பாசிநாசினி செப்புக் கலக்காத, நுரை எழுப்பாத பல்பகுதிய வகை. மாதங்களுக்கு நின்று பயன் தருகிறது. செப்புக் கலந்த மலிவு வகைகள், அமிலத்தன்மை மாறும்போது வெள்ளை டைலில் பச்சை நீலக் கறையை விட்டுச்செல்லும். குளோரீன் கலவாத ஒட்சியேற்றும் தூளும் பொதியில் உண்டு. அது நீரைத் தெளிவாக்குமே தவிர ஏற்கெனவே பிடித்த பாசியைக் கொல்லாது. அதற்குக் கல்சியம் ஐப்போகுளோரைற்றுத் தூளே வேண்டும். மிதக்கும் குடுவையில் இடச் சொல்லும் குளோரீன் வில்லைகள் வேறு வகையானவை. அவை நம் மென்னீரை மேலும் அமிலமாக்குவதோடு, மூடிய விரிப்பின் கீழ் வாயுவைத் தேக்கி விரிப்பையே அரிக்கும். இந்த வில்லையையும் ஐப்போகுளோரைற்றுத் தூளையும் எக்காரணம் கொண்டும் ஒரே பாத்திரத்தில், ஒரே கரண்டியால்கூடக் கையாளக் கூடாது. அவை சேர்ந்தால் தீப்பற்றவும் வெடிக்கவும் கூடும். கைந்நூலில் இந்த எச்சரிக்கை கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பது பெரிய குறை.

விரிப்பு தடித்த பொலித்தீன். ஓரங்களில் நீர் நிரப்பிய பைகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. வெளிச்சத்தை முற்றாக மறைப்பதால் பாசி கட்டுப்படுகிறது. யூகலிப்டஸ் இலைகள் உள்ளே விழுந்து நீரைப் பிளேன்ரீ நிறமாக்குவதும் நின்றுவிட்டது. ஆனால் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் இந்த விரிப்பின் மேல் 3200 லீற்றர் நீர், அதாவது மூன்று தொன்னுக்கு மேல் எடை, வந்து உட்காரும். மேற்குச் சரிவில் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டும் இடங்களும் உண்டு என்பதை நினைத்தால், சிறு அமிழ்பம்பி ஒன்று இல்லாமல் இந்த விரிப்பை வாங்குவதில் பயனில்லை. பொதியில் அது கிடையாது. தேங்கும் நீர் நுளம்புக்கும் வீடாகும். முட்டை ஒரு வாரம் பத்து நாட்களில் நுளம்பாகிவிடுமாதலால் வாரம் ஒருமுறையேனும் அதை இறைத்தாக வேண்டும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம் வீட்டுக்காரரையே பொறுப்பாக்குகிறது. நுவரெலியாவின் குளிரில் நுளம்பு குறைவென்று ஆறுதல் கொள்ளலாம். கண்டியிலும் கம்பளையிலும் அந்த ஆறுதலுக்கு இடமில்லை. மேலும் இது பாதுகாப்பு விரிப்பு அல்ல. குழந்தையோ நாயோ அதன் மேல் கால் வைத்தால் உள்ளே போய்விடும் என்பதால், சுற்றுவேலியும் பூட்டிய படலையும் கட்டாயம்.

நீர்மட்டத்தை ஸ்கிம்மரின் (மேற்பரப்பில் மிதக்கும் குப்பையை உறிஞ்சும், சுவரில் பதித்த திறப்பு) வாய்க்குக் கீழே இறக்கச் சொல்லும் அறிவுரையையும் இங்கு பின்பற்றத் தேவையில்லை. மட்டத்தை ஸ்கிம்மரின் நடுவில் வைத்து, மேலதிக நீர் வடியக் குழாய் அமைத்து, பம்பியை நாளுக்கு ஓரிரு மணித்தியாலம் ஓடவிடுவதே நல்லது. முழுவதும் இறைத்துக் காயவிடலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்கவே வேண்டாம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலெழும்போது, வெற்றுத் தடாகம் மண்ணிலிருந்து தூக்கப்பட்டு வெடிக்கக்கூடும்.

நுவரெலியா, அட்டன், பண்டாரவளைப் பகுதிகளில் தடாகம் வைத்திருப்போருக்கு முழுப் பொதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். விலையில் பாதிக்கு மேல் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பாசிநாசினியையும் விரிப்பையும் தனியாக வாங்கி, அமிழ்பம்பி, கல்சியம் குளோரைட்டு, அப்பச்சோடா ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் வேலை முடிந்துவிடும். மரங்கள் இல்லாத வெளியான இடமென்றால், மரக்கறி நாற்றுமேடைகளுக்குக் கட்டும் நிழல் வலையை இறுக்கிக் கட்டினாலும் போதும். மழைநீர் அதில் தேங்காது, ஆனால் வெளிச்சம் புகுவதால் பாசிநாசினியைச் சற்று அடிக்கடி இட வேண்டியிருக்கும். எந்த வழியைத் தேர்ந்தாலும், வடியும் நீரைத் தேயிலைச் சரிவிலோ வீட்டின் பின்மேட்டிலோ விடாமல் சீமெந்துக் கான் வழியாகக் கொண்டுசெல்ல வேண்டும். குளோரீன் செடிகளுக்கு ஆகாது. ஊறிய மேட்டுக்கு மேலதிக நீர் அதைவிட ஆகாது.