பட்டிக் காவலுக்கு எந்த நாய்? கங்காலா, ஜெர்மன் ஷெப்பர்டா, கோம்பையா, நாட்டு நாயா?

ஒடுகத்தூர் பக்கம் 40 வெள்ளாடு வைத்திருக்கும் என் மச்சினன், போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "மாமா, இந்தக் கங்கால் குட்டி ஒண்ணு வாங்கிட்டா தெருநாய்த் தொல்லை தீர்ந்திடும் இல்ல?" என்றான். அன்று அவனிடம் சொன்னதுதான் இது.

கங்கால் துருக்கியின் சிவாஸ் பகுதி நாய். ஆண் நாய் 50, 60 கிலோ தாராளமாக வரும். ஓநாய் குரல்வளையைக் கவ்வாமலிருக்க, முள் வைத்த இரும்புப் பட்டையைக் கழுத்தில் மாட்டி அனுப்புவார்கள். வேலூர் வெயில் தாங்காது என்று பலர் சொல்வதை நான் முழுதாக ஏற்பதில்லை. அதன் நெருங்கிய உறவான அனடோலியன் ஷெப்பர்டை 1994 முதல் நமீபியாவில் சிவிங்கிப்புலியிடமிருந்து ஆடு காக்கக் கொடுத்து வருகிறார்கள். அங்கேயும் வெயில் கொளுத்தும். நிழலும் தண்ணீரும் இருந்தால் சமாளிக்கும். சிக்கல் வேறு. ஆளரவமில்லாத மேய்ச்சல் மேட்டில், தானே முடிவெடுத்துக் காவல் காத்துப் பழகிய ஜாதி அது. நம் பட்டிக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். பால்காரரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் அது யாரென்று நினைக்கும்? மத்திய அரசு 2024 மார்ச்சில் 23 இன நாய்களுக்குத் தடை கேட்டு அனுப்பிய சுற்றறிக்கையில் கங்காலும் இருந்தது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது, சரி. ஆனாலும் தீனிச் செலவை யார் ரத்து செய்வது?

ஜெர்மன் ஷெப்பர்டில் நானே ஏமாந்தவன். பெயரில் ஷெப்பர்ட் இருக்கிறதே என்று வாங்கினேன். அது மந்தையை ஓட்டும் நாய். மந்தைக்குள் படுத்துக் காக்கும் நாய் இல்லை. ஓட்டும் நாய்க்கு வேட்டைக் குணத்தில் பாதி மிச்சமிருக்கும்: முறைக்கும், வளைக்கும், துரத்தும். பழக்க ஆளில்லாத என் பட்டியில் அது சினையாடுகளை விரட்டி விரட்டியே நாசம் பண்ணியது.

கோம்பையும் ராஜபாளையமும் வீட்டுக் காவலுக்கு நல்லவை. ஆனால் வேட்டை ரத்தம். முயல் ஒன்று குறுக்கே ஓடினால் ஆடு நினைவிருக்காது.

என் ஓட்டு நாட்டு நாய்க்குத்தான். எட்டு வாரக் குட்டியைப் பட்டிக்குள்ளேயே விடவேண்டும். முதல் நான்கு மாதம் ஆட்டு வாசனையிலேயே வளர்ந்தால் ஆட்டைத் தன் கூட்டமாக நினைத்துக்கொள்ளும். வீட்டுத் திண்ணையில் கொஞ்சி வளர்த்தால் திண்ணையைத்தான் காக்கும். ஒரு வயசு வரை ஆட்டுக்குட்டியோடு முரட்டுத்தனமாக விளையாடும். அந்த நேரத்தில் தனியே விட்டுவிட்டுப் போகக்கூடாது.

தீனி களியும் கறிச்சாறும் போதும் என்பார்கள். போதாது, முட்டையோ கருவாடோ சேருங்கள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். இதைவிட எல்லோரும் மறப்பது குடற்புழு மருந்து. தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டமடிக்கும் ஆட்டைப் பார்த்திருப்பீர்கள். நாயின் நாடாப்புழு முட்டை மேய்ச்சலில் கலந்து, ஆட்டின் மூளையில் நீர்க்கட்டியாக வளர்வதால் வரும் நோய் அது. செத்த ஆட்டின் தலையைப் பச்சையாக நாய்க்குப் போட்டால் அந்தப் புழு திரும்ப நாய்க்கே போகும். வேகவைத்துப் போடுங்கள், இல்லை புதைத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் நாடாப்புழுவுக்கென்றே மாத்திரை கேளுங்கள்.

பேரணாம்பட்டு, குடியாத்தம் காட்டோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று. சிறுத்தைக்கு நாயும் இரைதான். அங்கே நாயின் வேலை குரைத்து உங்களை எழுப்புவது. பட்டிக்கு மேலேயும் கம்பிவலை அடித்து, ராத்திரியில் நாயையும் உள்ளே விட்டுப் பூட்டுங்கள்.